படி ஏறுகிறவர் வாசலில் ஏன் நிற்கிறார்? பார்க்கின்சன் நோயும் நடமாட்டமும்

எங்கள் பெரியப்பா மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் அவருக்கு ஒரு நோய் இருக்கிறது என்றே சொல்ல மாட்டீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஏறிவிடுவார். மேலே போய், நாலு எட்டு நடந்து, குளியலறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், முழங்கால் படபடவென்று துடிக்கும், பாதம் மட்டும் பசை தடவியதுபோல் தரையிலேயே இருக்கும். "கால் ஒட்டிக்கிச்சு" என்பார். "அவ்வளவு படியும் ஏறிட்டீங்க, இந்த வாசலைத் தாண்ட முடியலையா?" என்று பெரியம்மா கேட்பார். கோபத்தில் கேட்டதில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டது. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "இஷ்டம் இருந்தா நடக்கிறார், இல்லேன்னா நின்னுடறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அது புரிந்தால் பார்க்கின்சன் நோயில் பாதி புரிந்த மாதிரி.

பார்க்கின்சன் என்றதும் எல்லோருக்கும் கை நடுக்கம்தான் ஞாபகம் வரும். பெயர் வைத்த விதம் அப்படி. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே நடுக்கம் இருந்தது. நாமும் நடுக்குவாதம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் நடந்து போகும்போதுதான் கவனித்தார். உடம்பு முன்னால் குனிவதையும், நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறுவதையும் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். நடுக்கமே இல்லாமல் இந்த நோய் வருகிறவர்களும் உண்டு. நடுக்கம் பார்க்கிறவர் கண்ணை உறுத்தும். நோயாளியின் நாளைச் சுருக்குவது பெரும்பாலும் மற்ற இரண்டு: அசைவு மெதுவாவது, தசை விறைப்பது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. கறுப்பாகத் தெரிவதால் அந்தப் பெயர். அங்குள்ள நரம்பு செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்லியா என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் இந்த செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. வெளியே அறிகுறி தெரிய ஆரம்பிக்கும்போதே ஏறக்குறைய பாதியோ, அதற்கு மேலோ போயிருக்கும். மூளை அவ்வளவு காலம் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

பேசல் கேங்க்லியாவை ஓர் அலுவலகத்தின் பழைய குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். புது விஷயம் வந்தால் மேலதிகாரி உட்கார்ந்து யோசிப்பார். தினசரி ஃபைல்கள் மேலதிகாரியின் மேஜைக்கே போகாது, குமாஸ்தாவே முடித்து அனுப்பிவிடுவார். நடப்பது, திரும்புவது, படுக்கையில் புரள்வது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் அந்த மாதிரி ஃபைல்கள். நீங்கள் நடக்கும்போது "இப்போது இடது கால், இவ்வளவு தூரம், கூடவே வலது கையை வீசு" என்று யோசிப்பதில்லை. குமாஸ்தா பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சம்பளம் டோபமைன். அது குறையக் குறைய அவர் வேலையைக் குறைக்கிறார். அடி சிறிதாகிறது. கை வீச்சு நிற்கிறது. கையெழுத்து வரி முடிவதற்குள் எறும்பு மாதிரி சுருங்குகிறது. முகம் உணர்ச்சி காட்டாமல் இறுகுகிறது, குரல் தணிகிறது. எல்லாம் ஒரே குறையின் வெவ்வேறு முகங்கள்.

காலில் பலம் இருக்கிறது, மூட்டும் தசையும் நன்றாகத்தான் இருக்கின்றன. தானாக நடக்கும் வசதிதான் போய்விட்டது. மேலதிகாரி இன்னும் வேலையில் இருக்கிறார், அதனால் ஒவ்வொரு அடியையும் அவர் பார்த்து உத்தரவு போட்டால் கால் கேட்கும். மாடிப்படியில் நடப்பது இதுதான். ஒவ்வொரு படியின் விளிம்பும் கண்ணுக்குத் தெரிகிறது, 'இங்கே வை' என்று அதுவே சொல்கிறது. வெறும் தரையில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. வாசல் இன்னும் மோசம். வழி குறுகுகிறது, அடியின் அளவை மாற்ற வேண்டும், திரும்பவும் வேண்டும், கூடவே அவசரம் வேறு. குமாஸ்தா கையை விரித்துவிடுகிறார்.

இதைவிட ஆச்சரியமான ஒன்றை 2010-இல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பத்து வருடமாக நோய் இருக்கும் 58 வயது மனிதர், சில அடி நடப்பதற்குள் உறைந்து நிற்கிறவர், ஒருவர் பிடிக்காமல் நடக்கவே முடியாதவர். அவரை சைக்கிளில் ஏற்றிவிட்டால் ஜோராக மிதித்து, வளைந்து, திரும்பி வந்தார். இறங்கியதும் மறுபடி உறைவு. சைக்கிளின் மிதிக்கட்டை இடைவிடாமல் சுற்றிக் காலுக்குத் தாளம் கொடுப்பதால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பெரியப்பாவைப் பார்த்து 'இஷ்டம் இருந்தா நடக்கிறார்' என்றவருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எல்லா நோயாளிகளும் சைக்கிள் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போகலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விழ வாய்ப்பு அதிகம், உடற்பயிற்சிக்கு நிலையாக நிற்கும் சைக்கிள் போதும்.

நடை எப்படி மாறுகிறது

முதலில் மாறுவது பெரும்பாலும் ஒரு கைதான். ஒரு பக்கத்துக் கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கும். வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். தோள்பட்டை வலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பவர்களும் உண்டு. பிறகு ஒரு கால் தேய ஆரம்பிக்கும், செருப்புச் சத்தத்தில் தெரியும். அடிகள் குட்டையாகும், உடம்பு முன்னால் குனியும். குனிந்த உடம்பைத் துரத்திப் பிடிப்பதுபோல் கால்கள் குறுகுறுவென்று விரைய ஆரம்பித்தால், நிறுத்துவதே கஷ்டம். ஜேம்ஸ் பார்க்கின்சன் தெருவில் பார்த்த அதே ஓட்டம்தான் இது.

திரும்புவது தனிக் கதை. நாமெல்லாம் திரும்பும்போது முதலில் தலை திரும்பும், அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு. இவர்களுக்கு உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகத் திரும்பும், அதற்குப் பத்துச் சிற்றடி வேண்டும். சமையலறையில் அடுப்பிலிருந்து தொட்டிக்குத் திரும்புவது, பாத்திரம் கையில் இருக்கும்போது யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்ப்பது, இந்த மாதிரி நேரத்தில்தான் விழுவார்கள்.

பெரியப்பாவுக்கு வருவதற்கு மருத்துவத்தில் பெயர் ஃப்ரீஸிங், உறைதல். நோய் வந்து சில வருடம் கழித்துத்தான் பொதுவாகத் தலைகாட்டும். நடக்க ஆரம்பிக்கும்போது, திரும்பும்போது, குறுகலான இடத்தில், போக வேண்டிய நாற்காலிக்கு இரண்டடி முன்னால், லிஃப்ட் கதவு மூடப் போகிறதே என்ற பதற்றத்தில் வரும். சில நொடி இருக்கும், சில சமயம் ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும். மேல் உடம்பு நகர்ந்து கால் நகராததால் முன்பக்கமாக விழ நேர்கிறது.

இதோடு உடம்பின் சமநிலையும் குறைகிறது. யாராவது லேசாக இடித்தால் நாம் ஓர் அடி பின்வைத்துச் சமாளித்துவிடுவோம், அந்த அனிச்சைச் செயல் இவர்களுக்கு மங்கிவிடுகிறது. 1967-இல் மார்கரெட் ஹோன், மெல்வின் யார் (Yahr) என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்கள். அதில் மூன்றாம் கட்டம் தொடங்குவதே சமநிலை தடுமாறும் இடத்தில்தான். நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். உட்கார்ந்து எழும்போது ரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுவதும் இந்த நோயில் சகஜம், அதனாலும் விழுவார்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: நோய் ஆரம்பித்த முதல் வருடத்திலேயே அடிக்கடி விழுகிறார் என்றால், இது பார்க்கின்சன் மாதிரியே தோன்றும் வேறொரு நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

படுக்கையும் ஒரு களம்தான். இரவில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புரள முடியாமல், போர்வை காலில் சிக்கி, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பச் சங்கடம். இதை அவர்களாக எந்த மருத்துவரிடமும் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

கடிகாரத்தோடு ஒரு வாழ்க்கை

1950-களின் கடைசியில் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் டோபமைனின் வேலையைக் கண்டுபிடித்தார், அதற்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. அதனால் மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். போகிற வழியிலேயே அது மாறி வீணாகாமல் இருக்கக் கூடவே கார்பிடோபா சேர்க்கிறார்கள். 1960-களில் வந்த இந்த மருந்துக்கு இன்றும் நிகரில்லை. நோயை இது நிறுத்தாது, ஆனால் அசைவைத் திருப்பிக் கொடுக்கும்.

ஆரம்பத்தில் ஒரு நாளுக்கு மூன்று மாத்திரை போட்டால் நாள் முழுக்கச் சீராக இருக்கும். சில வருடங்களில் ஒவ்வொரு மாத்திரையின் பலனும் அடுத்த வேளைக்கு முன்பே தீர ஆரம்பிக்கும். பலன் இருக்கும் நேரத்தை 'ஆன்' என்றும், தீர்ந்த நேரத்தை 'ஆஃப்' என்றும் நோயாளிகளே சொல்வார்கள். காலை பத்து மணிக்கு நடந்தவர் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியை விட்டு எழ முடியாமல் இருப்பார். மருந்து உச்சத்தில் இருக்கும்போது சிலருக்கு உடம்பு தானாக நெளியும், அதை நடுக்கம் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிவிடக் கூடாது. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் இரண்டும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும், மருந்து தாமதமாகும். அதனால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ போடச் சொல்வார்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வேறு ஏதாவது காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், மாத்திரை அதே மணிக்குப் போக வேண்டும் என்று கூட இருப்பவர் பிடிவாதம் பிடிக்க வேண்டும். வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோபரமைடு போன்ற சில மருந்துகள் டோபமைனையே தடுப்பவை, நடையை இன்னும் கெடுத்துவிடும். அதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. வீட்டில் உறைந்து நிற்பவர் மருத்துவர் முன்னால் அழகாக நடந்து காட்டுவார். காரணம் தெரிந்ததுதான், அங்கே முழு கவனமும் நடையில் இருக்கிறது, மேலதிகாரி நேரடியாக வேலை பார்க்கிறார். கூட வந்தவர்தான் பொய் சொன்னதுபோல் முழிப்பார். ஆகவே வீட்டில் உறையும்போது போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

வாழ்க்கைத் தரம் என்றால்?

இந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, பிடிக்யூ-39 என்று பெயர், 1990-களில் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. கடந்த ஒரு மாதத்தில் எது எவ்வளவு அடிக்கடி கஷ்டமாக இருந்தது என்று 39 கேள்விகள். எட்டுப் பிரிவு. அதில் மிகப் பெரியது நடமாட்டம், பத்துக் கேள்வி அதற்கே. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை அடி நடந்தீர்கள் என்று அதில் எங்கும் கேட்பதில்லை. பை தூக்கி வர முடிந்ததா, வெளியே போகத் துணை வேண்டியிருந்ததா, பொது இடத்தில் விழுந்துவிடுவோமோ என்று பயந்தீர்களா, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தீர்களா என்றுதான் கேட்கிறது. மீதிப் பிரிவுகளில் மனநிலை, அன்றாட வேலை, ஞாபகம், பேச்சு, உடல் வலி, நெருங்கியவர்களின் ஆதரவு எல்லாம் வருகின்றன. வெட்கம் பற்றியும் நாலு கேள்வி. நோயை மறைக்க வேண்டியிருந்ததா, நாலு பேர் முன்னால் சாப்பிடுவதைத் தவிர்த்தீர்களா என்று.

என்னைக் கேட்டால் இந்தக் கேள்வித்தாளின் பலமே அதுதான். நடை கெட்டது எவ்வளவு என்பதைவிட, அதனால் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதைப் பிடிக்கிறது. ஒரே மாதிரி நடக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தடியோடு நண்பர்களைப் பார்க்கப் போய் வருகிறார். இன்னொருவர் போன வருடம் ஒரு தடவை கூட்டத்தில் உறைந்து நின்றதிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. மருத்துவரின் ஏட்டில் இருவரும் ஒரே கட்டம்.

விழுந்துவிடுவோம் என்ற பயம் விழுவதைவிட அதிகமாகப் பிடுங்கிக்கொள்ளும். பயத்தில் நடப்பதைக் குறைப்பார், குறைத்தால் தசை தளரும், மூச்சு வாங்கும், தளர்ந்த தசை சீக்கிரம் விழவைக்கும். வீட்டுக்குள் அடைந்தால் பேச ஆளில்லை, தணிந்த குரல் இன்னும் தணியும். மனச்சோர்வு வரும். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு: இந்த நோயில் மனச்சோர்வு வெறும் கவலையால் வருவதில்லை. மூளையில் நடக்கும் அதே மாற்றங்களின் ஒரு பகுதி அது, நடை கெடுவதற்குச் சில வருடம் முன்பே வந்துவிடுவதும் உண்டு. வாழ்க்கைத் தரத்தைக் கெடுப்பதில் நடைக்குச் சமமாக, சில ஆய்வுகளில் நடையையும் மிஞ்சி நிற்பது இந்த மனச்சோர்வு. அதற்குத் தனி மருத்துவம் உண்டு. 'தைரியமா இருங்க' என்று சொன்னால் சரியாகாது. மலச்சிக்கல், தூக்கக் கேடு, களைப்பு ஆகியவையும் ஒன்றுக்கொன்று கை கொடுத்துக்கொள்ளும். நடையை மட்டும் சரிசெய்ய மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் இவை அப்படியே கிடக்கும்.

மேலதிகாரியை வேலைக்குக் கூப்பிடுவது

குமாஸ்தா கைவிட்ட வேலையை மேலதிகாரியிடம் தருவதற்கு வழிகள் இருக்கின்றன. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித் தருவது பெரும்பாலும் இதுதான். கண்ணுக்கு ஓர் அடையாளம்: உறையும் இடத்தில் நடக்கும் திசைக்குக் குறுக்காக, ஓர் அடி இடைவெளியில், பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுவது. காதுக்கு ஒரு தாளம்: சீராக டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோம் கருவி, நடை வேகத்துக்கு ஏற்ற பாட்டு, அல்லது வாய்விட்டு எண்ணுவது. மனசுக்கு ஒரு கட்டளை: 'பெரிய அடி' என்று சொல்லிக்கொண்டே வைப்பது. அவர் பெரிதாக வைப்பதாக நினைக்கும் அடி நமக்குச் சாதாரண அடியாகத்தான் தெரியும். அவருடைய அளவுகோலே சுருங்கியிருக்கிறது, அதனால் மிகையாகத் தோன்றும் அளவுக்குச் செய்யச் சொல்வார்கள்.

உறைந்து நிற்கும்போது கூட இருப்பவர் செய்யக் கூடாத ஒன்று கையைப் பிடித்து இழுப்பது. உடம்பு வரும், கால் வராது, விழுவார். 'சீக்கிரம்' என்று சொல்வதும் உறைவை நீட்டும். முதலில் முழுதாக நிற்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு. நிமிர்ந்து, உடம்பு எடையை வலம் இடமாக மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை ஆடட்டும். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, பெரிய அடி. அதற்கும் நகரவில்லை என்றால் உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்காக வைத்து, அதைத் தாண்டச் சொல்லுங்கள். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், ஓர் அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்க வேண்டும்.

நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். மேலதிகாரி ஒருவர்தான், இரண்டு வேலை கொடுத்தால் நடைதான் அடிபடும். பதில் சொல்ல ஆரம்பித்ததும் அவர் நின்றுவிட்டால் அது அலட்சியம் இல்லை. கையில் டம்ளரோடு நடப்பதும் அப்படித்தான். சின்னப் பொருள்களை ஒரு தோள்பையில் போட்டுக்கொள்ளட்டும்.

தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கர் இவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, ஒவ்வொரு அடிக்கும் நின்று தூக்குவதே நடையின் தாளத்தை உடைக்கும். சக்கரமும் கைப்பிடி பிரேக்கும் உள்ளவை மேல். ஆனால் ஓட்டமாக நடப்பவருக்குச் சக்கரம் முன்னால் உருண்டுவிடும் என்பதால், வாங்குமுன் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 195 பேர் ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள். நிதானமாக எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் 'தாய் சி' என்ற சீனப் பயிற்சியைப் பழகியவர்களுக்கு, வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடச் சமநிலை நன்றாக இருந்தது, விழுவதும் குறைந்தது. மாத்திரை 'ஆன்' ஆக இருக்கும் நேரத்தில் பயிற்சி செய்வதுதான் புத்திசாலித்தனம்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். 1987-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் தொடங்கிய முறை அது. தகுதியானவர்களுக்கு நடுக்கத்தையும் ஆன்-ஆஃப் ஊசலாட்டத்தையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் லெவோடோபாவுக்குக் கேட்காத சமநிலைக் குறைவும் உறைதலும் பொதுவாக அதற்கும் கேட்பதில்லை.

நேற்றுவரை ஓரளவு நடந்தவர் இரண்டு மூன்று நாளில் சட்டென்று முடங்கினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகச் சேர்த்த மருந்து என்று வேறு காரணம் இருக்கும். இந்த நோய் அவ்வளவு வேகமாக முற்றாது.

எங்கள் வீட்டில் இப்போது குளியலறை வாசலில் மூன்று மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. பெரும்பாலான நாள் அதைப் பார்த்துத் தாண்டிவிடுகிறார். சில நாள் டேப்புக்கும் கால் மசியாது. அப்போது பெரியம்மா தன் பாதத்தைக் குறுக்கே நீட்டி, "என் காலைத் தாண்டுங்க" என்பார். "இத்தனை வருஷம் கழிச்சு வாசலை மறிக்கிறா பாரு" என்று சிரித்துக்கொண்டே பெரியப்பா காலைத் தூக்குவார். தரை துடைத்துத் துடைத்து நடு டேப் உரிந்துபோகும். அதை முதலில் கவனித்து மாற்றச் சொல்வது அவர்தான்.